குதிரைக்கு பென்ஷன் யார் கொடுப்பது?

'கொள்ளுன்னா வாயைத் திறக்குமாம், கடிவாளம்னா வாயை மூடிக்குமாம்' என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி உண்டு. காரியவாதிகளைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்வது. இதைக் கட்டிவிட்ட புண்ணியவான் யாரோ தெரியாது. ஆனால் அவர் குதிரையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். இந்த விஷயத்தில் அசல் காரியவாதி குதிரை இல்லை. நாம்தான்.

மெரினா மணலில் குழந்தையைக் குதிரை மேல் ஏற்றி போட்டோ எடுக்க வேண்டுமா? நமக்கு வாயெல்லாம் பல். மாப்பிள்ளை அழைப்புக்கு வெள்ளைக் குதிரை வேண்டுமா? ஆயிரக்கணக்கில் எடுத்து வைப்போம். ஊட்டிக்குப் போனால் ஒரு ரவுண்டு. சினிமாவில் ஹீரோ வாளை உருவிக்கொண்டு வர ஒரு குதிரை. ரேஸில் பணம் கட்ட ஒரு குதிரை. கட்சி ஊர்வலத்தில் தலைவருக்கு முன்னால் ஆடுவதற்கும் ஒரு குதிரை.

அதே குதிரைக்குக் கால் ஒடிந்தால்? கண் போனால்? பல் தேய்ந்து புல் மெல்ல முடியாமல் போனால்? அப்போது பாருங்கள், நாம் எப்படி வாயை மூடிக்கொள்கிறோம் என்று.

அப்போது வருகிறவர்கள் நாலைந்து பேர்தான். ஒரு கல்லூரி மாணவி, ஒரு சாஃப்ட்வேர் இளைஞர், பேங்க் உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்ற ஒருவர், கால்நடை மருத்துவம் படிக்கும் ஒரு பையன். இவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நள்ளிரவில் போன் வரும். பைபாஸ் ரோட்டில் லாரி அடித்துப் போட்ட குதிரை கிடக்கிறது என்பார்கள். 350, 400 கிலோ எடையுள்ள மிருகத்தை எப்படித் தூக்குவது? லாரி பிடிக்க வேண்டும், பத்து ஆள் பிடிக்க வேண்டும், வலியில் உதைக்கும் மிருகத்துக்கு ஊசி போட டாக்டர் பிடிக்க வேண்டும். புண்ணில் புழு நெளிந்தால் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்து காப்பகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த பிறகு ஒரு போட்டோ போடுவார்கள். ஆயிரம் பேர் அதற்கு இதயம் பறக்கவிடுவோம். 'கடவுள் இருக்கிறார்' என்று கமென்ட் போடுவோம். கை கூப்பும் பொம்மை நாலு.

சரி, அடுத்த நாள் காலையில் அந்தக் குதிரை என்ன சாப்பிடும்? இதயமா?

இந்தக் கேள்வியைக் கேட்காத வரைக்கும் நம்முடைய கருணை எல்லாம் வெறும் பொழுதுபோக்குதான். கோபம் வந்தால் வரட்டும். மேலே படியுங்கள்.

நான் பி.காம். படித்தவன். கணக்கு மூலமாகத்தான் எனக்கு உலகம் புரியும். ஒரு கம்பெனி மெஷின் வாங்கினால் அதற்குத் தேய்மானம் என்று வருஷா வருஷம் ஒரு தொகையை எழுதுவார்கள். கடைசியில் மெஷின் ஓடாமல் போனால் காயலான் கடையில் போட்டு, வந்த காசை வரவு வைப்பார்கள். கணக்கு முடிந்தது. குதிரையை வைத்துத் தொழில் செய்கிறவர்களும் இதே முறையைத்தான் பின்பற்றுகிறார்கள். ஒரே ஒரு வித்தியாசம். காயலான் கடையில் கிடக்கும் மெஷினுக்குப் பசிக்காது.

இதே காமர்ஸ் பாடத்தில் இன்னொரு விஷயமும் சொல்லிக்கொடுப்பார்கள். நாளைக்குக் கட்டாயம் வரப்போகிற செலவு என்று இன்றைக்கே தெரிந்தால், அதற்கு இன்றைய வருமானத்திலேயே ஒரு பங்கை ஒதுக்கிவைக்க வேண்டும். தொழிலாளிக்கு கிராஜுவிட்டி இப்படித்தான் ஒதுக்கப்படுகிறது. ஒதுக்காமல் லாபம் காட்டினால் அது பொய்க் கணக்கு. குதிரைக்கு வயசாகும் என்பது எந்தக் குதிரைக்காரருக்குத் தெரியாது? எந்த ரேஸ் முதலாளிக்குத் தெரியாது? யாராவது ஒதுக்கினார்களா? இல்லை. லாபம் எல்லாம் அவர்கள் புத்தகத்தில். முதுமைச் செலவு மட்டும் அந்தக் கல்லூரி மாணவியின் பர்ஸில்.

எவ்வளவு செலவு என்று பார்ப்போமா? குதிரை நன்றாக வைத்துக்கொண்டால் 25, 30 வருஷம் வாழும். ரேஸ் குதிரை ரெண்டு வயசில் ஓட ஆரம்பிக்கும். பெரும்பாலானவற்றுக்குப் பத்து வயசுக்கு முன்பே ஓட்டம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு 15, 20 வருஷ ஆயுள் பாக்கி இருக்கிறது. ஒரு குதிரை தினமும் தன் எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் ரெண்டு பங்கு தீவனம் தின்ன வேண்டும். 400 கிலோ குதிரைக்கு 6 முதல் 8 கிலோ காய்ந்த புல் என்று வைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் புல்லாக இருந்தால் இதைப் போலப் பல மடங்கு. தண்ணீர் 25 லிட்டருக்குக் குறையாது. நம்ம ஊர் வெயிலில் அதற்கும் மேலே. ஆறிலிருந்து எட்டு வாரத்துக்கு ஒரு முறை குளம்பு சீவ வேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது பல்லைப் பார்த்து ராவிவிட வேண்டும். குடற்புழு மருந்து தனி.

இன்னொன்றும் சொல்கிறேன். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. அதன் உடம்பு வாகு அப்படி. குப்பைத்தொட்டியில் நாம் முடிச்சுப் போட்டு எறிந்த சாம்பார் சாத பாலிதீன் பை உள்ளே போனால், திரும்பி அதே வழியில் வராது. குடலை அடைத்துக்கொள்ளும். வயிற்றுவலியில் மண்ணில் புரண்டு புரண்டு சாகும். ஊட்டி தெருக்களில் குப்பை மேயும் குதிரைகளைப் பார்த்து 'எவ்வளவு அழகு!' என்று போட்டோ எடுத்தவர்கள் தயவுசெய்து இந்தப் பாராவை இன்னொரு முறை படிக்கவும்.

தீவனம், மருந்து, ஆள் கூலி எல்லாம் சேர்த்து ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு 300 ரூபாய் என்று குறைத்தே போடுவோம். மாதம் 9,000. வருஷத்துக்கு 1,09,500. 15 வருஷத்துக்கு 16 லட்சத்து 42 ஆயிரத்து 500. விலைவாசி 15 வருஷமும் ஏறாது என்று கனவு கண்டால்தான் இந்தத் தொகை. ஒரு குதிரையை 'மீட்டோம்' என்று சொல்கிற அந்த நிமிஷத்தில் அந்த நாலைந்து பேர் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளும் கடன் இது. நமக்கு ஒரு இதயம், அவர்களுக்கு 16 லட்சம்!

வாங்கத் தெரியும், வைத்துக்கொள்ளத் தெரியாது என்பது நமக்கு இன்றைக்கு வந்த வியாதி இல்லை. 700 வருஷத்துக்கு முன்னால் பாண்டிய நாட்டுப் பக்கம் வந்த மார்க்கோ போலோ, இந்த ஊர் அரசர்கள் கடல் வழியாக ஆயிரக்கணக்கில் குதிரைகளை இறக்குமதி செய்வதையும், பராமரிக்கத் தெரியாமல் வருஷ முடிவில் பெரும்பாலானவற்றைச் சாகவிடுவதையும் எழுதிவைத்திருக்கிறார். குதிரை விற்கும் வியாபாரிகள், லாடம் அடிப்பவர்களை இந்தப் பக்கம் வரவிடாமல் பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்கு ஆர்டர் வரும்! மாணிக்கவாசகர் கதை நமக்குத் தெரியும். குதிரை வாங்கக் கொடுத்த அரசாங்கப் பணத்தில் கோயில் கட்டினார், நரி பரியானது, பரி நரியானது. அந்தக் கதையிலும் குதிரை வாங்கும் பணம்தான் பிரச்னை. லாயத்துக்கு வந்த பிறகு என்ன போட்டார்கள் என்ற பேச்சு இல்லை.

அய்யனாருக்கு மண் குதிரை செய்து வைக்கிறோம். புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் புரவி எடுப்பு என்றால் ஊரே திரளும். மண் குதிரைக்கு மாலை, சந்தனம், வேட்டி. தீவனம் கேட்காது பாருங்கள், அதனால் மரியாதை!

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-ல் வந்தது. அதற்கு விதை போட்டவர் நம்ம ஊர் ருக்மிணி தேவி அருண்டேல். மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டுவந்து போராடினார். பெருமைதான். ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு மிருகத்தை அடித்து, பட்டினி போட்டு, புண்ணோடு வேலை வாங்கி வதைத்தால் முதல் குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல்! 1960-ல் 50 ரூபாய் பெரிய காசு. இன்றைக்கு ரெண்டு வடை, ஒரு டீ. 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு திருத்த வரைவை வெளியிட்டு மக்களிடம் கருத்து கேட்டது. கருத்து கேட்பதில் நம் அரசுகளுக்கு என்றுமே குறை வைத்ததில்லை.

இதே சட்டத்தின் 35-வது பிரிவை யாரும் பேசுவதில்லை. வதைபட்ட மிருகத்தை வைத்தியசாலையில் வைத்துப் பராமரிக்க மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம், செலவை உரிமையாளர் கொடுக்க வேண்டும் என்கிறது அது. உரிமையாளர் ஏழையாக இருந்தால் சிகிச்சைக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யவும் வழி வைத்திருக்கிறது. எழுதியவர்களுக்கு ஈரம் இருந்திருக்கிறது. ஆனால் அந்த வைத்தியசாலை எங்கே? உங்கள் ஜில்லாவில் குதிரையை வைத்துப் பார்க்கும் ஒரு அரசுக் காப்பகத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அரசாங்கம் கட்டாமல் விட்ட அந்தக் கட்டடத்தைத்தான் நாலு தொண்டர்கள் தகரக் கூரை போட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த இடத்தில் ஒருத்தர் எழுந்து நிற்பார். எப்போதும் நிற்பார். 'மனுஷனுக்கே சோத்துக்கு வழியில்லை, குதிரைக்கு பென்ஷனா சார்?'

நல்லது அய்யா, உட்காருங்கள். உங்களுக்கு ரெண்டு பதில்.

முதல் பதில்: பாம்புக்கடி. 2000-லிருந்து 2019 வரைக்கும் இந்தியாவில் பாம்பு கடித்துச் செத்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. வருஷத்துக்கு 58,000. சாகிறவர்கள் பெரும்பாலும் கிராமத்து ஏழைகள். வயலில் வேலை செய்கிறவர்கள், தரையில் படுக்கிறவர்கள். இவர்களைக் காப்பாற்றும் விஷமுறிவு மருந்து எங்கிருந்து வருகிறது? குதிரையின் ரத்தத்திலிருந்து. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் இந்த நாலு பாம்பின் விஷத்தையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரை உடம்பில் ஏற்றுவார்கள். அதன் ரத்தத்தில் எதிர்ப்பு சக்தி உண்டானதும் ரத்தம் எடுத்து மருந்து செய்வார்கள். மகாபலிபுரம் சாலையில் வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவு சங்கம் பாம்பு விஷம் எடுப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அந்த விஷம் போய்ச் சேருகிற இடம் குதிரையின் கழுத்து. 'மனுஷனுக்கே' என்கிறீர்களே, அந்த மனுஷனுக்காகத்தான் சார் குதிரை ரத்தம் கொடுக்கிறது. ரத்ததானம் செய்த மனிதருக்கு சர்டிஃபிகேட், பிஸ்கட், ஜூஸ் கொடுக்கிறோம். குதிரைக்கு வைக்கோல் கொடுக்க யோசிக்கிறோம்.

ரெண்டாவது பதில்: குதிரையை நம்பிப் பிழைக்கிறவரும் மனுஷர்தான். குதிரை படுத்தால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. குதிரையின் காலைப் பார்ப்பது அந்தக் குடும்பத்தின் வயிற்றைப் பார்ப்பது. மனுஷனா, குதிரையா என்று பட்டிமன்றம் நடத்த இதில் இடமே இல்லை.

இதை நான் மிருகநேயர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கடற்கரையில் சவாரி விடும் பையனை செல்போனில் படம் பிடித்து, 'கொடூரன்' என்று தலைப்புப் போட்டுப் பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவன் குதிரைக்கு லாடம் அடிக்கத் தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்கிறாரா? நிழல் இருக்கிறதா? தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? சவாரிக்குப் பேரம் பேசிக் காசைக் குறைத்தது யார்? நாம்தானே!

இந்த விஷயத்தில் வழிகாட்டி ஒரு ஆங்கிலேயப் பெண்மணி. டாரதி ப்ரூக் என்று பெயர். ராணுவ அதிகாரியின் மனைவி. 1930-ல் கணவரோடு எகிப்தின் கெய்ரோவுக்கு வந்தார். முதல் உலகப்போர் முடிந்ததும் பிரிட்டிஷ் ராணுவம் தன் போர்க்குதிரைகளை ஆயிரக்கணக்கில் அங்கேயே விற்றுவிட்டுப் போயிருந்தது. செலவுக் கணக்கு பார்த்தால் கப்பலில் திருப்பிக் கொண்டுபோவதைவிட விற்பது லாபம்! போரில் பீரங்கி இழுத்த குதிரைகள் எலும்பும் தோலுமாக வண்டி இழுத்துக்கொண்டிருப்பதை டாரதி பார்த்தார். 1931-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்கு ஒரு கடிதம் எழுதினார். படித்த ஜனங்கள் பணம் அனுப்பினார்கள். அந்தப் பணத்தில் மூன்று வருஷத்தில் 5,000 குதிரைகளை விலை கொடுத்து வாங்கினார். பெரும்பாலானவை வைத்தியம் செய்தாலும் தேறாத நிலையில் இருந்தன. சில நாள் நன்றாகத் தீனி போட்டு, வலியில்லாமல் முடிவு கொடுத்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் முக்கியம். 1934-ல் கெய்ரோவில் ஓர் இலவச மருத்துவமனை ஆரம்பித்தார். போர்க்குதிரைக்கு மட்டும் இல்லை. அந்த ஊர் ஏழை வண்டிக்காரர்களின் குதிரை, கழுதை எல்லாவற்றுக்கும். குதிரைகளை விலைக்கு வாங்கி வாங்கி இதைத் தீர்க்க முடியாது, குதிரைக்காரரைக் கூட்டாளியாக்கினால்தான் தீரும் என்பதுதான் அந்த மருத்துவமனையின் அர்த்தம். அவர் பெயரில் வளர்ந்த அமைப்பு இந்தியாவிலும் செங்கல் சூளைக் குதிரைகளுக்காகவும் கோவேறு கழுதைகளுக்காகவும் வேலை செய்திருக்கிறது. குதிரைக்காரக் குடும்பங்களைக் குழுவாகச் சேர்த்து, நம்ம ஊர் மகளிர் சுயஉதவிக் குழு மாதிரி மாதா மாதம் சேமிக்க வைத்தார்கள். அந்தப் பணத்தில் தீவனத்தை மொத்தமாக வாங்கினார்கள். இதுதான் சமூகப் பங்கேற்பு. ஞாயிற்றுக்கிழமை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு போய் செல்ஃபி எடுப்பதற்கு அந்தப் பெயர் கிடையாது.

'தடை போட்டுவிட்டால் தீர்ந்தது' என்கிற கட்சி ஒன்று உண்டு. மும்பையில் விக்டோரியா என்ற அலங்காரக் குதிரை வண்டிகள் ஓடின. 2015 ஜூனில் மும்பை உயர்நீதிமன்றம் அவை சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. நிறுத்த ஒரு வருஷ அவகாசம் கொடுத்து, வண்டிக்காரர்களின் மறுவாழ்வுக்குத் திட்டம் போடச் சொன்னது. தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. கான்கிரீட் ரோட்டில் குதிரையை ஓட்டுவது பாவம்தான். ஆனால் வண்டி நிற்கிற நாளில் குதிரையின் வயிறு நிற்பதில்லை. எந்தத் தடை உத்தரவோடும், அடுத்த 15 வருஷத் தீவனத்துக்கு யார் பொறுப்பு என்ற ஒரு வரி சேரவில்லை என்றால், அந்தத் தடை குதிரையை ரோட்டிலிருந்து தள்ளிவிடும். எங்கே தள்ளியது என்று நமக்குச் சொல்லாது. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாட்டில் சுமார் 6 லட்சத்து 25 ஆயிரம் குதிரைகள் இருந்தன. 2019-ல் 3 லட்சத்து 40 ஆயிரம். ஏழே வருஷத்தில் கிட்டத்தட்ட 46 சதவீதம் காலி. பாதி ஸ்டாக் காணோம் என்றால் எந்த முதலாளியும் குடோனைப் பூட்டிவிட்டு எண்ணுவார். நாம் எண்ணினோமா?

இனி ரேஸுக்கு வருவோம். 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போனது. 1996 ஜனவரியில் தீர்ப்பு: குதிரைப் பந்தயம் சூதாட்டம் இல்லை, திறமை சார்ந்த விளையாட்டு. நல்லது. யாருடைய திறமை? ஜாக்கியின் திறமை இருக்கட்டும், ட்ரெய்னரின் திறமை இருக்கட்டும். நாலு காலில் ஓடியது யார்? திறமையாளர் என்று கோர்ட்டே ஒப்புக்கொண்ட பிறகு, அந்தத் திறமையாளருக்கு பி.எஃப். எங்கே?

பந்தயப் பணத்தில் அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. 28 சதவீதம் இருந்த ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22-லிருந்து 40 சதவீதம். அதில் குதிரையின் முதுமைக்கு என்று தனிக் கணக்குத் தலைப்பு கிடையாது. 2024 ஜூனில் ஊட்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும், செப்டம்பரில் கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தையும் குத்தகை விவகாரத்தில் தமிழ்நாடு அரசு கையில் எடுத்தது. எத்தனை கோடி பாக்கி என்று பேசினோம். 160 ஏக்கரில் பூங்கா வருமா, குளம் வருமா என்று பேசினோம். பேச வேண்டியதுதான். அதில் ஒரு ஏக்கராவது ஓடி முடித்த குதிரைக்கு உண்டா என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. பிரிட்டனில் 2000-த்திலேயே ரேஸ் துறை தன் பணத்தில், ஓடி முடித்த குதிரைகளுக்கு மறுபயிற்சி கொடுத்து வேறு வாழ்க்கை அமைத்துத் தர ஓர் அறக்கட்டளை தொடங்கியது. அமெரிக்காவில் 2012-ல் ரேஸ் துறையினர் சேர்ந்து, குதிரைக் காப்பகங்களைச் சோதித்து அங்கீகாரம் கொடுத்து நிதி தரும் அமைப்பை உண்டாக்கினார்கள். கட்டணம் எங்கிருந்து? குதிரைக்குட்டி பதிவு செய்யும்போதே ஒரு தொகை. பிறக்கும்போதே பென்ஷனுக்கு ஒதுக்கீடு! நான் சொன்ன காமர்ஸ் பாடம் இதுதான்.

காப்பகம் நடத்துகிறவர்களிடமும் எனக்கு ரெண்டு வார்த்தை உண்டு. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

ஒன்று, கணக்கைக் காட்டுங்கள். எத்தனை குதிரை வந்தது, எத்தனை தேறியது, எத்தனை செத்தது, எவ்வளவு வரவு, எவ்வளவு செலவு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வாசலில் போர்டு எழுதிப் போட்டால் போதும். சந்தேகப்படுகிறவன் வாயை அடைக்க அதைவிட நல்ல மருந்து இல்லை. ரெண்டு, 'இடம் இல்லை' என்று சொல்லப் பழகுங்கள். பத்துக் குதிரைக்கு இடம் இருக்கும் கொட்டகையில் முப்பது குதிரையைக் கட்டினால், அது மீட்பு இல்லை, இன்னொரு வதை. தேறவே தேறாத வேதனையில் இருக்கும் மிருகத்துக்கு டாக்டர் சொல்லும் வலியில்லாத முடிவைக் கொடுப்பதும் கருணைதான். டாரதி ப்ரூக் அழுதுகொண்டே செய்தார்.

சரி, நாம் என்ன செய்வது? அரசாங்கத்துக்கு மூன்று கோரிக்கை.

முதலாவது, ரேஸ், சவாரி, சினிமா, கல்யாணம் எதுவானாலும் குதிரையைத் தொழிலுக்குப் பயன்படுத்தும் ஒவ்வொருவரும் அதன் முதுமைக்கு ஒரு தொகை கட்ட வேண்டும். பெரிய முதலாளிக்குப் பெரிய தொகை, கடற்கரைப் பையனுக்குச் சவாரிக்கு ஒரு ரூபாய். ரெண்டாவது, ஒவ்வொரு குதிரைக்கும் சிப் பொருத்திப் பதிவு செய்ய வேண்டும். கைமாறும்போதெல்லாம் பதிவும் மாற வேண்டும். பழைய ஸ்கூட்டர் விற்கவே ஆர்.சி. புக் மாற்றுகிறோம், குதிரையை ரோட்டில் விட்டுப் போகிறவரைக் கண்டுபிடிக்க ஒரு நம்பர் வேண்டாமா? மூன்றாவது, மெரினா, ஊட்டி மாதிரி இடங்களில் மாதம் ஒரு நாள் லாடம், குளம்பு, பல் பார்க்கும் முகாம். 1903-ல் ஆரம்பித்த வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மாணவர்களுக்கும் அது பயிற்சிதானே.

அரசாங்கம் செய்யும்போது செய்யட்டும். அதுவரைக்கும் குதிரை பட்டினி கிடக்க முடியாது. அதனால் கடைசிக் கோரிக்கை உங்களுக்கு.

ஒரு குதிரைக்கு மாதம் 9,000 என்று கணக்குப் போட்டோம். 90 பேர் மாதம் 100 ரூபாய் போட்டால் ஒரு குதிரை பிழைக்கும். 90 வீடு என்பது ஒரு நடுத்தர அப்பார்ட்மென்ட். உங்கள் அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட் ரிப்பேருக்கும் பார்க்கிங் சண்டைக்கும் நடுவில் அஞ்சு நிமிஷம் இதைப் பேச முடியாதா? சென்னையில் 1959-ல் ஆரம்பித்த புளூ கிராஸ் இருக்கிறது. நீலகிரியில் மசினகுடிப் பக்கம், கைவிடப்பட்ட குதிரைகளுக்கும் கழுதைகளுக்கும் இடம் கொடுத்த காப்பகம் உண்டு. உங்கள் ஊரில் எது இருக்கிறது என்று விசாரியுங்கள். நேரில் போய்ப் பாருங்கள். கணக்குக் கேளுங்கள். திருப்தியாக இருந்தால் கொடுங்கள்.

பணம் இல்லையா? பரவாயில்லை. வயல் இருப்பவர்கள் வைக்கோல் கொடுக்கலாம். லாரி வைத்திருப்பவர் வருஷத்துக்கு நாலு நடை ஓட்டலாம். கணக்கு எழுதத் தெரிந்தவர் ரசீது எழுதிக் கொடுக்கலாம். வக்கீல் ஒரு மனு போட்டுக் கொடுக்கலாம். ஒன்றும் முடியாதவர் சாணி அள்ளலாம். குதிரை ஓயாமல் போடும், அள்ள ஆள் என்றைக்கும் பற்றாது. ஒரே ஒரு நிபந்தனை. எதைச் செய்தாலும் மாதா மாதம் செய்யுங்கள். பிறந்தநாளுக்கு ஒரு மூட்டை கேரட்டோடு வந்து, கேக் வெட்டி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களால் குதிரைக்கு வயிற்றுக்கோளாறுதான் மிச்சம்.

நீங்கள் குழந்தையாக இருந்தபோது உங்களைச் சுமந்த மெரினா குதிரை இன்றைக்கு உயிரோடு இருக்காது. உங்கள் பிள்ளையைச் சுமந்தது எங்கேயோ இருக்கிறது. அந்தச் சவாரிக்கு நீங்கள் கொடுத்தது பாதி விலைதான். மீதியை மாதா மாதம் பத்தாம் தேதிக்குள் கட்டிவிடுங்கள். வைக்கோல்காரரிடம் கடன் சொல்ல முடியாது.